பெயருக்கு எதிரே இருக்கும் கட்சி

2019 மக்களவைத் தேர்தல் முடிந்து சில மாதங்கள் கழித்து, கூட்டணியில் இருந்த ஒரு சிறிய கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் எம்.பி.க்கள் பட்டியலின் அச்சுப் பிரதி. ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

"சார், இவர் எங்க ஆளு. வீடு வீடா ஏறி இறங்கி ஜெயிக்க வெச்சோம். பட்டியல்ல பார்த்தா தி.மு.க.ன்னு போட்டிருக்கு. டெல்லிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பித் திருத்தணும்."

தேர்தல் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில் இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவங்களில் பல முறை கேட்டிருக்கிறேன். பட்டியலில் பெயருக்கு எதிரே இருக்கும் கட்சியை ஓர் அடையாள அட்டை மாதிரிதான் நாம் பார்க்கிறோம். சட்டத்தில் அது ஒரு கட்டு. அந்த எம்.பி. ஐந்து ஆண்டுகள் யாருடைய கொறடா உத்தரவுக்கு, அதாவது அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தரும் கட்டளைக்கு, கீழ்ப்பட வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்தான் முடிவு செய்கிறது. வாக்களிக்கும் முன்பே நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

17ஆவது மக்களவைப் பட்டியலில் தி.மு.க.வுக்கு 24 இடங்கள். அதில் நான்கு பேர் தோழமைக் கட்சிக்காரர்கள். ஈரோட்டில் ம.தி.மு.க., விழுப்புரத்தில் விடுதலைச் சிறுத்தைகள், பெரம்பலூரில் இந்திய ஜனநாயகக் கட்சி, நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி. நான்கு பேருமே உதயசூரியனில் நின்றவர்கள். அதனால் அவையின் கணக்கில் நான்கு பேருமே தி.மு.க. எம்.பி.க்கள்தான்.

இதற்கு அடிப்படை அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை. 1985இல் 52ஆவது திருத்தம் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அது. ஓர் உறுப்பினரை எந்தக் கட்சி வேட்பாளராக நிறுத்தியதோ, அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே அவரைக் கருத வேண்டும் என்று அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. உறுப்பினர் அட்டை எந்தக் கட்சியுடையது, மேடையில் போட்ட துண்டு என்ன நிறம் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது.

சரி, "நிறுத்தியது" என்பதற்கு அத்தாட்சி என்ன? இரண்டு தாள்கள். ஏ படிவம், பி படிவம். சின்னம் ஒதுக்கும் அதிகாரம் கட்சியில் யாருக்கு என்பதை ஏ படிவம் சொல்லும். அந்த அதிகாரம் உள்ளவர், இன்ன தொகுதிக்கு இன்னார்தான் எங்கள் வேட்பாளர் என்று பி படிவத்தில் கையெழுத்திட்டுத் தருவார். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கையெழுத்து மையால் போட்டதாக இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது.

அந்த ரப்பர் ஸ்டாம்ப் விதியை நான் நேரிலேயே பார்த்தேன். ஒரு கட்சியின் வேட்பாளருக்காக அலுவலரின் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தபோது, படிவத்தில் தலைவரின் கையெழுத்து இருந்த இடத்தை அலுவலர் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மை ஊதா நிறம். கோடுகளின் ஓரம் எல்லா இடத்திலும் ஒரே தடிமன். "இது முத்திரைங்க," என்றார். கடிகாரத்தில் 2.20. அசல் கையெழுத்துக்காரர் இருந்ததோ வேறு ஊரில். அந்த வேட்பாளர் கடைசியில் சுயேச்சையாகத்தான் நின்றார். அன்று அவருடைய முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வெற்றி பெற்றிருந்தாலும் மக்களவைப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே அந்தக் கட்சியின் பெயர் வந்திருக்காது.

வந்தவருக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்போ எங்க கட்சி ஒரு முடிவு எடுத்து, அந்த முடிவு வேற மாதிரி இருந்தா?" என்று கேட்டார். அவையில் வாக்கெடுப்பு வரும்போது கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, பதினைந்து நாளுக்குள் கட்சி அதை மன்னிக்காவிட்டால் பதவிக்கு ஆபத்து. அந்தக் கொறடா உதயசூரியன் கட்சியின் கொறடா. உங்கள் தலைமை என்ன தீர்மானம் போட்டாலும் அவையில் அதற்குச் சட்ட வலு கிடையாது. இதைக் கேட்டதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை.

கட்சி வெளியே தள்ளினாலாவது விடுதலை உண்டா என்றால், அதுவும் இல்லை. அப்படிச் சொன்ன தீர்ப்பு பிறந்ததே தமிழ்நாட்டு வழக்கில்தான். அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் ஜி. விசுவநாதன் ம.தி.மு.க.வில் சேர்ந்தார். சபாநாயகர் அவரைத் தகுதி நீக்கம் செய்தார். நீக்கப்பட்டாலும், தன்னை நிறுத்திய கட்சியின் உறுப்பினராகவே அவர் கருதப்படுவார் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பு மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்து போனால் தப்பிக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அதையும் அடைத்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ளும் இணைப்பு மட்டுமே மிச்சம்.

இப்போதைய 18ஆவது மக்களவைக்கு வருவோம். 543 இடங்கள். பழைய பாடப் புத்தகம் வைத்திருப்பவர்கள் 545 என்று சொல்வார்கள். ஆங்கிலோ-இந்தியர்களுக்கான இரண்டு நியமன இடங்கள் 104ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டன. 2024 ஜூன் 4 அன்று பா.ஜ.க. 240, காங்கிரஸ் 99, சமாஜ்வாதி 37, திரிணமூல் 29, தி.மு.க. 22. பெரும்பான்மைக்கு 272 வேண்டும். தெலுங்கு தேசத்தின் 16ம் ஐக்கிய ஜனதா தளத்தின் 12ம் ஏன் இவ்வளவு பேசப்படுகின்றன என்பது இந்தக் கழித்தலிலேயே தெரிந்துவிடும். 240இல் ஒன்று சூரத். அங்கே போட்டியே இல்லாமல் தேர்வானதால் வாக்குப்பதிவே நடக்கவில்லை.

காங்கிரஸின் 99ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் சாங்லியில் சுயேச்சையாக வென்ற விஷால் பாட்டீல் காங்கிரஸுக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தார். செய்திகளில் "சதம்" என்று எழுதினார்கள். ஆனால் ஆதரவு தருவது வேறு, சேருவது வேறு. சுயேச்சையாக வென்றவர் தேர்தலுக்குப் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். அதனால் பட்டியலில் அவர் சுயேச்சைதான். அப்புறம், ராகுல் காந்தி வயநாடு, ரேபரேலி இரண்டிலும் வென்று வயநாட்டை விட்டதால் ஓர் இடம் குறைந்தது. நாந்தேட் உறுப்பினர் காலமானதால் இன்னொன்று. நவம்பர் இடைத்தேர்தலில் இரண்டையும் காங்கிரஸே பிடித்தது. வயநாட்டில் பிரியங்கா காந்தி. ஒரே ஆண்டுக்குள் 99, 98, 97, மறுபடி 99. தேதி போடாத பட்டியலை என்னிடம் யாராவது நீட்டினால் நான் முதலில் கேட்பது, "இது எந்த நாள் கணக்கு?" என்றுதான்.

எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் இந்த எண்ணிக்கையில்தான் நிற்கிறது. அவையின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 பேர் வேண்டும் என்பது நீண்ட கால மரபு. காங்கிரஸ் 2014இல் 44, 2019இல் 52 என்று நின்றதால் பத்து ஆண்டுகள் அந்த நாற்காலி காலி. கூட்டணியின் மொத்தம் இங்கே உதவாது, ஒரே கட்சியின் எண்ணிக்கை வேண்டும். அந்த எண்ணிக்கையை நிர்ணயிப்பதும் பி படிவம்தான்.

தமிழ்நாட்டில் 39 இடங்களும் ஒரே அணிக்குப் போனாலும், பட்டியலில் அது ஏழு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறது. தி.மு.க. 22, காங்கிரஸ் 9, இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் தலா 2, விடுதலைச் சிறுத்தைகள் 2, ம.தி.மு.க. 1, முஸ்லிம் லீக் 1. நாடு முழுவதும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி வென்ற இரண்டு இடங்களும் நம்முடையவை, திருப்பூரும் நாகப்பட்டினமும். அ.தி.மு.க. சுமார் 20 விழுக்காடு வாக்கு வாங்கியும் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. இடங்களின் பட்டியலை வாக்குகளின் பட்டியலாகப் படித்தால் ஏமாந்துபோவோம்.

22இல் இப்போதும் நாமக்கல் சேர்ந்திருக்கிறது. உதயசூரியனில் நின்ற கொங்குநாடு கட்சிக்காரர் அவர். ஆனால் விழுப்புரம் மாறியிருக்கிறது. எம்.பி. அதே ரவிக்குமார், அதே தொகுதி. 2019 பட்டியலில் தி.மு.க., 2024 பட்டியலில் விடுதலைச் சிறுத்தைகள். இந்த முறை அவர் தன் கட்சியின் பானைச் சின்னத்தில் நின்றார். ம.தி.மு.க.வுக்குப் பம்பரம் கிடைக்கவில்லை. திருச்சியில் தீப்பெட்டியில் நின்றார்கள். ஆனாலும் பி படிவம் சொந்தக் கட்சியுடையது என்பதால் பட்டியலில் ம.தி.மு.க. என்றே இருக்கிறது.

இதையெல்லாம் கேட்ட பிறகு, அன்று வந்தவர் மறுபடி நோட்டீஸ் அனுப்பச் சொல்லவில்லை. "அடுத்த தடவை நாங்களே எங்க பி படிவம் கொடுக்கணும்னா என்ன செய்யணும் சார்?" என்று கேட்டார். அங்கீகாரம் பெறாத கட்சி, தன் வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே சின்னம், அதாவது பொதுச் சின்னம் கேட்க வேண்டுமானால், அவையின் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், மக்களவைக்குக் குறைந்தது இரண்டு தொகுதிகளிலாவது நிற்க வேண்டும் என்று சொன்னேன். வட்டம் போட்ட தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டார்.