எலியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்

திங்கட்கிழமை காலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) ஒன்று வந்தது. இந்த மாதத்தில் மூன்றாவது. நடுமுதுகில் என் உள்ளங்கை நீளத்துக்குத் தோலே இல்லை. சதைக்கு நடுவே முதுகெலும்பின் நுனிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பாம்பு கடித்த மனிதர்களைப் பற்றித்தான் ஊர் பேசும். எலி கடித்த பாம்புகள் என்னிடம் வருகின்றன.

"சனிக்கிழமை ராத்திரி எலியை உள்ளே விட்டேன் டாக்டர். பசிச்சா அதுவே பிடிச்சுக்கும்னு படுத்துட்டேன்."

பசிக்காவிட்டால்? பால் பைத்தான் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருக்கும். சட்டை உரிக்கப்போகிற நாட்களில் கண் மங்கி, எதையும் தொடாது. கரண்ட் போய், தொட்டிக்குச் சூடு தரும் ஹீட் மேட் அணைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"காட்டில் உயிரோடுதானே சாப்பிடுகிறது?" என்று அடுத்த கேள்வி வரும். இதற்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் பாம்பின் குறி தப்பினால் எலி ஓடிவிடும், கதை முடிந்தது. உங்கள் கண்ணாடித் தொட்டியில் அது எங்கே ஓடும்? தீனி இல்லை, தண்ணீர் இல்லை. ராத்திரி முழுக்க விழித்திருக்கிற, எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிற பிராணி. பக்கத்தில் அசையாமல் கிடப்பது உங்கள் பாம்பு. திருப்பிக் கடிக்காதா என்கிறார்கள். பயந்தால் உருண்டையாகச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்வதால்தான் இதற்குப் 'பால்' (பந்து) என்ற பெயரே வந்தது. தலையை ஒளித்துக்கொண்டால் வெளியே மிஞ்சுவது முதுகுதான்.

சரி, என்ன செய்யலாம்? உறைய வைத்த எலிக்குப் பழக்குங்கள். முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள் (சாம்பார் இருக்கிற ஃப்ரிட்ஜில் அல்ல, சால்மொனெல்லா கிருமி விளையாட்டுக் காரியமில்லை). அப்புறம் கவரில் போட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வயிறு வெடித்துவிடும். தலைப்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும்போது நீளமான இடுக்கியால் பிடித்து, அந்தி சாய்ந்த பிறகு மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். முதல் வாரமே ஏமாற்றம் வரும். பொறுங்கள், பாம்புக்கு அவசரமே கிடையாது.

எதற்கும் மசியாத பாம்பும் உண்டு, தெரியும். உயிருள்ளதுதான் என்றால், பாம்பின் பருமனான இடத்தைவிடத் தடித்த எலி வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. தொட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா பாருங்கள். எதிரே உட்காருங்கள், போனை அப்பால் வையுங்கள். 15 நிமிடத்தில் பிடிக்கவில்லையா, எலியை வெளியே எடுங்கள். எலிக்கும் வலிக்கும், பயம் உண்டு. அதையும் கொஞ்சம் நினையுங்கள். தெருவில் பிடித்த எலி கூடவே கூடாது. எலிமருந்து தின்றிருந்தால் விஷம் பாம்புக்கும் போகும். சாப்பிட்ட பிறகு 48 மணி நேரம் பாம்பைத் தூக்காதீர்கள், கக்கிவிடும்.

இன்னொன்று. சாரை, மலைப்பாம்பு என்று நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வைக்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் வந்தது. எனக்கே தர்மசங்கடமாகிவிடும்.

காயம் பட்டுவிட்டால் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஊசி உடம்பின் முன்பாதியில்தான் போட வேண்டும், தெரியாதவர் பின்பாதியில் குத்திவிடுவார். சட்டை உரித்து உரித்துத்தான் புண் மூடும், மாதங்கள் ஆகும்.

திங்கட்கிழமைப் பாம்புக்கு இன்று நாலாவது ஊசி. இன்னும் எதையும் தொடவில்லை, நானும் இப்போதைக்கு வற்புறுத்தவில்லை. அந்த எலியைப் பாம்பைக் கொண்டுவந்தவரின் மகள் வளர்க்கிறாளாம். பெயர்கூட வைத்துவிட்டாள்.