இதழோரத்தில் தானாக விழும் கோடு

நீல ஹைட்ரேஞ்சியாப் பூவின் ஓர் இதழை வாட்டர்கலரில் தீட்டிவிட்டு, தொடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். காய்ந்து வரும்போது ஓரத்தைச் சுற்றி மெல்லிய கருநீலக் கோடு ஒன்று விழும். அதை வரைந்தது தண்ணீர். மேசையில் சிந்திய பிளேன்டீ காய்ந்தால் நடு வெளுத்து விளிம்பு மட்டும் கறுத்து நிற்குமே, அதே சங்கதிதான்.

ஈரத்தின் விளிம்பு கடதாசியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். தண்ணீர் வேகமாக ஆவியாவதும் அங்கேதான், அப்படிப் போன தண்ணீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும், கூடவே வர்ணத் துகள்களும் இழுபட்டு வந்து விளிம்பில் குவியும். கோப்பிக் கறையை வைத்துச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இதை விளக்கினார்கள். ஓவியர்களோ அதற்கு எவ்வளவோ முன்பே இந்தக் கோட்டை நம்பிப் பூ வரைந்தவர்கள்.

கடதாசி முழுவதையும் முதலிலேயே நனைத்துவிட்டால் பிடித்து நிற்க விளிம்பே கிடையாது, கோடும் விழாது. பூவுக்குப் பின்னால் மூட்டத்தில் கரையும் மலையை அப்படித்தான் தீட்டுவோம்.

சரி, நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள ஹக்கல பூங்காவில் உட்கார்ந்து வரையும்போது நிஜமாகவே மூட்டம் இறங்கிவிட்டால்? காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கடதாசி காய வெகுநேரம் எடுக்கும். அல்ட்ராமரீன் என்ற நீல வர்ணத்தின் துகள் கொஞ்சம் பருமன். அந்த நேரத்தில் அது கடதாசியின் பள்ளங்களில் இறங்கிப் பொரிப்பொரியாகப் படியும். ஹைட்ரேஞ்சியாவுக்கு அதைவிட அழகு எனக்குத் தெரிந்து வேறில்லை. (அந்தப் பூவின் நீலத்துக்கே நம் மண்தான் காரணம். தேயிலை விரும்பும் அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறி, பூவின் நிறமியோடு சேர்ந்தால்தான் நீலம் வரும். மண்ணில் சுண்ணாம்பு கூடினால் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும்.)

ஆபத்து அரை ஈரத்தில்தான். அந்த நேரம் பார்த்து நனைந்த தூரிகையை வைத்தால், புதுத் தண்ணீர் பக்கத்து வர்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் கோலிஃப்ளவர் மாதிரி ஒரு கறையை விட்டுவிடும். அதனால் புறங்கையால் கடதாசியை மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் மினுக்கம் போய்க் காய்ந்தது போலத் தெரிந்தாலும் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிர் போன பிறகு அடுத்த இதழைத் தொடங்கலாம்.