மெம்ஃபிஸ் நிலவறையில் வேகும் விலா

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பீபாடி ஹோட்டலுக்கு எதிரே ஒரு சந்து இருக்கிறது. ஹோட்டலுக்குள் வாத்துகள் வரிசையாக நடந்துபோய் நீரூற்றில் இறங்குவதைப் பார்க்க தினமும் கூட்டம் நிற்கும். எனக்குப் பசி, சந்துக்குள் திரும்பிவிட்டேன். கரி வாசனையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினால் ராண்டேவூ. 1948-இல் சார்லி வெர்கோஸ் என்ற கிரேக்க வம்சாவளிக்காரர் தொடங்கிய கடை. ஆரம்பத்தில் சாண்ட்விச்தான் விற்றார். அப்புறம் அந்த நிலவறையில் பழைய காலத்து நிலக்கரி இறக்கும் பாதை ஒன்று இருப்பதைக் கண்டு, அதைப் புகைபோக்கியாக மாற்றிக் கரி அடுப்பு வைத்தார். பன்றி விலா அதற்குப் பிறகு வந்தது.

பார்பிக்யூ என்றாலே நாள் முழுக்க விறகுப் புகையில் கிடக்கும் கறி என்றுதான் நினைத்திருந்தேன். டெக்சாஸில் மாட்டு நெஞ்சுக்கறி அப்படித்தான் பன்னிரண்டு மணி நேரம்கூட வேகும். இங்கே கனலுக்கு நேர் மேலே, ஒன்றரை மணி நேரத்துக்குள் விலா தயார். எப்படி?

விலாக் கறி அடிப்படையில் முரட்டுக் கறி. எலும்புகளுக்கு நடுவே இருப்பது மூச்சு விடும்போதெல்லாம் உழைக்கும் தசை. உழைக்கும் தசையில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அதிகம். கயிறு முறுக்கியதுபோல மூன்று இழைகள் பின்னிக்கிடக்கும் மூலக்கூறு அது. 60 டிகிரி செல்சியஸை ஒட்டி அது சுருங்கி, தசையைப் பிழிந்து சாற்றை வெளியேற்றும். அந்தக் கட்டத்தில் எடுத்துக் கடித்தால் ரப்பர். 70 டிகிரியைத் தாண்டியபின் முறுக்கு மெல்லப் பிரிந்து, கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும். வெப்பம் கூடக்கூட இந்த வேலை வேகமாக நடக்கும். நம் ஆட்டுக்கால் பாயா உதட்டில் ஒட்டுவதும் இதே ஜெலட்டினால்தான்.

நெஞ்சுக்கறி தடியானது, சூடு நடுவே போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடும். ராண்டேவூவில் போடுவது முதுகெலும்பை ஒட்டிய விலா. மெல்லியது, அடிவயிற்றுப் பக்க விலாவைவிட இளசு. சூடு சீக்கிரம் உள்ளே போய்விடுகிறது, கரைய வேண்டிய கொலாஜனும் குறைவு.

ஆனால் நேரடிக் கனலில் மேல்புறம் கருகிவிடாதா? கறி வேகும் கம்பித் தட்டியை உயரத்தில் வைப்பது ஒரு வழி. இன்னொன்று, அவ்வப்போது வினிகர் கலந்த நீரைப் பூசுவது. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 420 ஜூல் வெப்பம் போதும். அதையே ஆவியாக்க இன்னும் 2,260 ஜூல் வேண்டும். ஈரம் காயும்வரை கனலின் வெப்பத்தில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். கறியின் மேற்பரப்பு கொதிநிலையைத் தாண்டாது. காய்ந்தபிறகுதான் 140 டிகிரிக்கு மேலே ஏறி, புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பேறும். பூசுவதும் காயவிடுவதுமாக அடுப்புக்காரர் செய்வது ஒருவகை வெப்பக் கட்டுப்பாடு.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் புகைதான். விறகுப் புகைக்கு மணம் தருவது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து உண்டாகும் சேர்மங்கள். கரியிலோ லிக்னின் ஏற்கெனவே போய்விட்டது. மரத்தைக் காற்றில்லாமல் சுட்டு, ஏறக்குறைய வெறும் கார்பனாக்கியதுதானே கரி! அப்படியானால் இங்கே மணம் கறியிலிருந்தே வருகிறது. உருகிய கொழுப்பு கனலில் சொட்டி, சிதைந்து, புகையாக எழும்பி மறுபடி கறிமேலேயே படிகிறது.

மசாலாப் பொடியை இங்கே கடைசியில்தான் தூவுகிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. மிளகாய்ப் பொடி வகைகள் கனலில் சட்டென்று கருகிக் கசக்கும். இறக்கியபின் தூவினால் வினிகர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், நிறமும் காரமும் அப்படியே நிற்கும். மெம்ஃபிஸின் ‘உலர் விலா’ என்று பேர் வாங்கியது இதுதான். எலும்பிலிருந்து தானாக உதிரவில்லை, கடித்து இழுக்க வேண்டியிருந்தது. எனக்கு அப்படித்தான் பிடிக்கும். உதிர்ந்து விழும் விலா அளவுக்கு மீறி வெந்தது என்பது என் கட்சி.

வேடிக்கை பார்த்துக்கொண்டே சாப்பிட்டதில் கடைசித் துண்டு ஆறிவிட்டது. சூட்டில் வழுவழுவென்று இருந்த ஜெலட்டின் இறுகி, கொழுப்பும் உறைந்து, அந்த ஒரு துண்டுக்கு மட்டும் தாடை வலித்தது.