நஞ்சு மாறினால் தவளை இனமும் மாறிவிடுமா?

இந்த வருடம் இது மூன்றாவது முறை. ஆய்வு மாணவி ஒருவர் தவளைத் தோல் சுரப்பை ஒரு குப்பியில் கொண்டுவந்தார். மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டிக் கொடுத்தேன்; ஒவ்வொரு பொருளும் வரைபடத்தில் ஒரு முகடாக, அதாவது பீக்காக, வரும். "ரெண்டு பீக் புதுசா இருக்கே சார், புது இனம்தானே?" என்றார். விசாரித்தால், பத்துத் தவளைகளின் சுரப்பை ஒன்றாக ஊற்றியிருக்கிறார். ஆணா பெண்ணா, எந்த மாதம், எந்த ஓடை என்று ஒரு குறிப்பும் இல்லை.

நஞ்சு வேறு என்றால் இனமும் வேறு என்ற நினைப்பை முதலில் விடுங்கள். மத்திய, தென் அமெரிக்க நச்சுத் தவளைகளின் தோலில் உள்ள ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருள்கள் பெரும்பாலும் அவை தின்னும் எறும்பு, சிற்றுண்ணிகளிலிருந்து வருபவை. 1932-இல் பனாமாவின் பச்சை-கறுப்பு நச்சுத் தவளைகளை ஹவாயில் கொண்டுபோய் விட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோது, பனாமாத் தவளைகளிடம் இருந்த சில ஆல்கலாய்டுகள் ஹவாய்த் தவளைகளிடம் இல்லை. வேறு சில வந்திருந்தன. அவற்றின் குட்டிகளைத் தொட்டியில் பழ ஈ போட்டு வளர்த்தால் நஞ்சே இல்லை. மூன்றும் ஒரே இனம்! இன்னொன்று: மடகாஸ்கரின் மாண்டெல்லாத் தவளைகளுக்கும் அமெரிக்கத் தவளைகளுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆனாலும் இருவர் தோலிலும் பியூமிலியோடாக்சின் என்ற ஆல்கலாய்டு உண்டு. நஞ்சை வைத்துப் பிரித்தால் இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்க்க வேண்டியிருக்கும்.

தோல் சுரப்பில் இருக்கும் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு, அதன் கதை வேறு. அதைத் தவளையே தன் மரபணுவின்படி செய்துகொள்கிறது; அதனால் உறவைச் சொல்லும். ஆஸ்திரேலிய மரத்தவளைகளில் இப்படி நிறைய வேலை நடந்திருக்கிறது. அங்கும் கவனம் வேண்டும். லிட்டோரியா ஸ்ப்ளெண்டிடா என்ற மரத்தவளையில் ஆண் மட்டும் ஸ்ப்ளெண்டிஃபெரின் என்ற பெப்டைடைச் சுரக்கிறது, தண்ணீரில் பெண்ணை வரவழைக்க. ஆணா பெண்ணா என்று குறிக்காதவர் அதையும் இரண்டு இனம் என்றுதான் எழுதியிருப்பார்.

சரி, இனி வருபவர்களுக்கு. ஒரு தவளைக்கு ஒரு குப்பி. ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. தோல் பூஞ்சை நோய் உங்கள் கையாலேயே பரவும். வனத்துறை அனுமதி வாங்காமல் ஓடைப் பக்கமே போகாதீர்கள். தோலை உரிக்க வேண்டாம். மெல்லிய மின்தூண்டலில் சுரப்பு வரும், கழுவி எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். பழகியவர் துணையில்லாமல் செய்யாதீர்கள். டி.என்.ஏ மாதிரியும் கத்தும் ஒலிப்பதிவும் கூடவே வேண்டும்.

குப்பி கொண்டுவந்த மாணவி அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மழைக்குப் பத்துக் குப்பிகளோடு வாருங்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஓட்டித் தருகிறேன்.