லாகோஸில் 9,848 ஓட்டு: ஒரு ஆடிட்டர் படித்த விதம்

"சொந்த மாநிலத்திலேயே தோற்றவர் நாட்டுக்கே அதிபரானது எப்படி? மோசடி என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?" 2023 நைஜீரிய அதிபர் தேர்தலில் ஜெயித்த போலா டினுபு, தன் கோட்டையான லாகோஸ் மாநிலத்தில் இரண்டாமிடம்தான் வந்தார். நைஜீரியாவோடு வியாபாரத் தொடர்பு உள்ளவர்கள் நடுவில் இந்தக் கேள்வி அப்போதிலிருந்தே சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு நேர்மாறான இன்னொன்றும் உண்டு: "லாகோஸை வெளியாட்கள் பிடித்துவிட்டார்கள், எண்ணைப் பாருங்கள்." வெளியாட்கள் என்று அவர்கள் சொல்வது லாகோஸில் வாழும் இக்போ இனத்தவரை. மேற்கு ஆப்பிரிக்காவில் கிளை வைத்திருக்கும் சில நிறுவனங்களின் கணக்கைப் பார்ப்பவன் என்பதால் இரண்டும் என்னிடம் வந்து சேர்கின்றன. இரண்டிலும் எண் சரிதான். அந்த எண்ணை எங்கே வைத்துப் படிப்பது என்பதில்தான் கோளாறு. என் தொழிலில் தினமும் பார்க்கிற கோளாறுதான் இது.

முதலில் எண்கள். 2023 பிப்ரவரி 25 அன்று நடந்த அதிபர் தேர்தலில் லாகோஸ் மாநிலத்தில் தொழிற்கட்சியின் பீட்டர் ஓபி 5,82,454 ஓட்டு வாங்கினார். ஆளுங்கட்சியான ஏபிசியின் (APC) போலா டினுபு 5,72,606. எதிர்க்கட்சியான பிடிபியின் (PDP) அதிக்கு அபூபக்கர் 75,750. முதல் இருவருக்கும் இடையே வித்தியாசம் 9,848. டினுபு 1999 முதல் 2007 வரை அந்த மாநிலத்தின் ஆளுநர். அதன் பிறகும் அங்கே யார் ஆளுநர் என்பதைத் தீர்மானிக்கும் ஆளாகப் பேசப்பட்டவர். தென்மேற்கு நைஜீரியாவின் பெரிய இனமான யொருபா மக்கள் பெரும்பான்மையாக உள்ள மாநிலம், யொருபா வேட்பாளர், அவருடைய கோட்டை. தலைப்புச் செய்திக்கு இது போதும்.

சரி, மாநிலத்தில் முதலிடம் வந்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. அமெரிக்காவைப் போல மாநிலத்தை வென்றவருக்கு மொத்தமும் போய்ச்சேரும் முறை நைஜீரியாவில் இல்லை. 1999 அரசியல் சாசனத்தின் 134ஆம் பிரிவு கேட்பது இரண்டு: நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் அதிக ஓட்டு இருக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களிலாவது 25 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். 36 மாநிலங்களில் அது 24. லாகோஸில் டினுபுவுக்குக் கிடைத்தது செல்லுபடியான ஓட்டில் 45 சதவீதம். ஆக, அந்த 24இல் ஒன்றாக லாகோஸ் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. 9,848 குறைந்ததால் எதுவும் கெடவில்லை. நாடு முழுக்க அவர் பெற்றது 87,94,726. இரண்டாவதாக வந்த அதிக்கு 69,84,520, ஓபி 61,01,533. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 18 லட்சத்துக்கு மேல் இடைவெளி இருக்கும்போது லாகோஸ் வித்தியாசம் எந்த மூலைக்கு?

இந்த மூன்றில் இரண்டு பங்கு வகுத்தல் நாட்டையே ஒருமுறை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறது. 1979இல் மாநிலங்கள் 19. மூன்றில் இரண்டு என்றால் பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. ஷெஹு ஷகாரி 12 மாநிலங்களில் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டார். பதின்மூன்றாவதான கானோவில் தாண்டவில்லை. ஒரு மாநிலத்தின் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்றது தேர்தல் ஆணையம். இரண்டாவதாக வந்த யொருபா தலைவர் ஒபாஃபெமி அவோலோவோ வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் ஷகாரி பக்கமே நின்றது. ரவுண்டிங் எப்படிச் செய்வது என்பதில் ஓர் ஆட்சியே தொங்கிய கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். 2023இலும் இதே பிரிவின் மேல்தான் ஒரு வாதம் எழுந்தது. தலைநகர் அபுஜாவில் டினுபு 25 சதவீதம் தொடவில்லை, அங்கே தொட்டே ஆக வேண்டும் என்றார்கள் எதிர்த்தரப்பினர். தீர்ப்பாயமும், 2023 அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்தாலும் இந்த ஆண்டு எண்ணுக்குப் பக்கத்தில் போன ஆண்டு எண் இருக்கும். சட்டமே அப்படிக் கேட்கிறது. தேர்தல் செய்தியில் அந்தப் பழைய எண் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. லாகோஸுக்கு நாமே எழுதிப் பார்ப்போம். 2015இல் ஏபிசியின் முகமது புஹாரி 7,92,460, பிடிபியின் குட்லக் ஜொனாத்தன் 6,32,327. 2019இல் புஹாரி 5,80,825, அதிக்கு 4,48,015. 2023இல் ஏபிசி 5,72,606.

2019க்கும் 2023க்கும் நடுவில் ஆளுங்கட்சி இழந்தது வெறும் 8,219 ஓட்டு. "லாகோஸ் டினுபுவைக் கைவிட்டது" என்ற தலைப்புக்கு இந்த எண் துணை நிற்காது. நிகரமாகப் பார்த்தால் அவர் கட்சியின் ஓட்டு அப்படியே இருக்கிறது. சரிந்தது பிடிபி: 4,48,015இலிருந்து 75,750. அது சரிந்த இடத்தில் முன்பு கணக்கிலேயே வராத தொழிற்கட்சி வந்து உட்கார்ந்தது. அதற்கு மேலும் இரண்டு லட்சத்தைத் தாண்டிப் புது ஓட்டு எதிரணிப் பக்கம் சேர்ந்திருக்கிறது. அதே ஆட்கள்தான் இரண்டு முறையும் போட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை; நிகர எண் உள்ளே நடந்த போக்குவரத்தைக் காட்டாது. ஆனாலும் கதையை ஏபிசியின் வீழ்ச்சி என்று தொடங்குவதா, பிடிபியின் காலியிடம் என்று தொடங்குவதா என்பதை இது தீர்த்து வைக்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன்: லாகோஸின் 20 உள்ளாட்சிப் பகுதிகளில் 11இல் டினுபுதான் முன்னிலை. ஓபி 9இல்தான் முந்தினார். ஆனால் அமுவோ-ஒடோஃபின், லெக்கியை உள்ளடக்கிய எட்டி-ஓசா போன்ற இடங்களில் பல மடங்கு முந்திவிட்டார்.

அப்புறம் செல்லாத ஓட்டு. லாகோஸில் நிராகரிக்கப்பட்டவை 64,278. வித்தியாசத்தைப் போல ஆறரை மடங்கு! நைஜீரிய ஓட்டுச் சீட்டில் விரலை மையில் தொட்டுக் கட்சிச் சின்னத்துக்கு எதிரே பதிக்க வேண்டும். 2023இல் சீட்டில் 18 கட்சிகள், நெருக்கமான சின்னக் கட்டங்கள். இரண்டு கட்டத்துக்கு நடுவில் கோட்டில் விழுந்தால் போயிற்று. மடிக்கும்போது மை இன்னொரு கட்டத்தில் ஒட்டினால் வாக்குவாதம். இந்த 64,278இல் யாருடையது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவு நெருக்கமான முடிவில் "மக்கள் தீர்ப்பு" என்று யார் முழங்கினாலும் நான் இந்த வரியைத்தான் முதலில் காட்டுவேன். சரிபார்த்து உள்ளே விடப்பட்ட வாக்காளர்கள் 13,47,152. பதிவான மொத்த ஓட்டு 13,35,729. இந்த இடைவெளியும் 11,423. உடனே மோசடி என்று குதிக்க வேண்டாம். சரிபார்ப்பு முடிந்த பிறகு ஓட்டுப் போடாமல் போனவர்களும் இதில் இருக்கலாம், கணக்கில் சேராமல் போன சாவடிகளும் இருக்கலாம். இந்த மாதிரி வித்தியாசத்தை ஆடிட்டில் "விளக்கம் கேட்டு நிலுவை" என்று குறித்து வைப்போம்.

விளக்கத்தை எங்கே தேடுவது? அடித்தாளில். நைஜீரியத் தேர்தல் ஆணையமான இனெக், ஒவ்வொரு சாவடிக்கும் இசி8ஏ என்ற படிவம் தருகிறது. வாக்காளர் பட்டியலில் எத்தனை பேர், சரிபார்க்கப்பட்டவர் எத்தனை, வந்த சீட்டு, மிஞ்சிய சீட்டு, கெட்ட சீட்டு, நிராகரித்தவை, கட்சிவாரி ஓட்டு எண்ணிலும் எழுத்திலும், கடைசியில் சாவடி அதிகாரியின் கையெழுத்து, கட்சி முகவர்களின் கையெழுத்து. அங்கிருந்து வார்டுக்கு 8பி, உள்ளாட்சிப் பகுதிக்கு 8சி, மாநிலத்துக்கு 8டி, நாட்டுக்கு 8இ. கணக்கில் வவுச்சர் (ரசீது), லெட்ஜர் (பேரேடு), டிரையல் பேலன்ஸ் (மொத்தச் சரிபார்ப்பு) மாதிரியே படி ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் எண்ணைக் கையால் எடுத்து எழுதுகிறார்கள். எடுத்து எழுதுகிற இடம்தான் தப்பு நடக்கிற இடம். நோக்கம் நல்லதோ கெட்டதோ, இது மாறாது.

அதனால்தான் 2023இல் பீவாஸ் என்ற கருவி மேல் அத்தனை நம்பிக்கை வைத்தார்கள். விரல்ரேகை, முகம் பார்த்து வாக்காளரைச் சரிபார்க்கும். அதே கருவியால் இசி8ஏ தாளைப் படமெடுத்து ஐரெவ் என்ற பொது இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அன்று ஒரே நாளில் நாடாளுமன்றத் தேர்தலும் நடந்தது. அந்த முடிவுகள் ஏறின. அதிபர் தேர்தல் தாள்கள் உரிய நேரத்தில் ஏறவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்றது இனெக். ஐரெவ் பொதுமக்கள் பார்ப்பதற்கான இடம்தான், முடிவைத் தொகுக்கும் அமைப்பு அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் கட்சிக்காரர் அல்லாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க இருந்த ஒரே வழி அதுதான். உங்களுக்கு யாராவது "உண்மையான ரிசல்ட் ஷீட்" என்று படம் அனுப்பினால் முதலில் மேலே எழுதிய கட்டங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள், சாவடிக் குறியீட்டைப் பாருங்கள், அப்புறம் நீங்களே கூட்டிப் பாருங்கள். கூட்டல் இடிக்கிற படங்களை யாரும் கூட்டிப் பார்க்காமல்தான் பகிர்கிறார்கள்.

"இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு மறுவாக்குப்பதிவு ஏன் இல்லை?" என்றும் கேட்கிறார்கள். அதற்குப் பக்கத்து உதாரணம் ஒசுன், அதுவும் யொருபா மாநிலம். 2018 ஆளுநர் தேர்தலில் அங்கே அடெமோலா அடெலெகே 353 ஓட்டு முந்தியிருந்தார். ஆனால் வாக்குப்பதிவு ரத்தான சாவடிகளில் மட்டும் 3,498 வாக்காளர்கள் இருந்ததால் முடிவு அறிவிக்கவில்லை. ஏழு சாவடிகளில் மறுபடி நடத்தினார்கள். எதிர்த்து நின்ற ஒயெடோலா 482 ஓட்டில் ஜெயித்தார். ஆளுநர் தேர்தலில் மாநிலமே முழு அலகு, அதனால் 353க்கு அவ்வளவு எடை. அதே ஒசுனில் அதிபர் தேர்தல்களைப் பாருங்கள்: 2019இல் ஏபிசி 10,257இல் முந்தியது, 2023இல் பிடிபி 10,421இல் முந்தியது. அங்கே இரண்டு முறையும் மாநில வித்தியாசத்தை வைத்து மறுபதிவு என்ற கேள்விக்கே இடமில்லை; கணக்கு முடிவது நாட்டு அளவில்.

வகுக்கும் எண்ணைச் சொல்லாமல் விட்டால் இதுவரை சொன்னதெல்லாம் பாதிதான். லாகோஸில் பதிவு செய்த வாக்காளர்கள் 70,60,195. ஓட்டு விழுந்தது 13,35,729. நூற்றுக்குப் பத்தொன்பது. ஓபிக்கு விழுந்தது பட்டியலில் உள்ளவர்களில் சுமார் 8 சதவீதம். டினுபுவுக்கும் சுமார் 8 சதவீதம். காரணங்கள் பல. பெயர் பதிந்த சாவடியில்தான் போட முடியும், தேர்தல் அன்று வண்டி ஓடக் கூடாது, வீடு மாறியவர் நடந்தா போவார்? 2021இல் சாவடிகளைப் பெருக்கியபோது பலருடைய பெயர் புதுச் சாவடிக்கு நகர்ந்தது. புது நைரா நோட்டு மாற்றத்தால் பிப்ரவரி முழுக்கக் கையில் காசில்லை, பெட்ரோலுக்கும் வரிசை. பட்டியலில் இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் இருப்பதால் 19 என்பதே கொஞ்சம் குறைவாகக் காட்டும் எண்தான். எப்படித் தள்ளிக் கழித்தாலும் ஓட்டுப் போடாதவர்கள்தான் பெரும்பான்மை.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் வகை. "லாகோஸின் இக்போக்கள் 5.82 லட்சம் ஓட்டைத் திருப்பினார்கள்." ஓபி தென்கிழக்கு நைஜீரியாவின் பெரிய இனமான இக்போவைச் சேர்ந்தவர், அந்த மக்கள் லாகோஸில் பெருமளவில் வாழ்கிறார்கள் என்பது உண்மை. 2020 அக்டோபரில் லெக்கி சுங்கச்சாவடியில் போலீஸ் அடக்குமுறையை எதிர்த்துப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்த கோபத்தில் ஓபி பக்கம் போன யொருபா இளைஞர்களும் உண்டு. அதையெல்லாம் விழுங்கிவிட்டு ஓர் இனத்தின் மேல் மொத்த எண்ணையும் ஏற்றினார்கள். மூன்று வாரம் கழித்து மார்ச் 18 அன்று ஆளுநர் தேர்தல். பார்க்க இக்போ மாதிரி இருக்கிறார்கள் என்று வாக்காளர்கள் சாவடி வாசலில் மிரட்டப்பட்டதை ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளர்கள் உட்படப் பலர் பதிவு செய்தார்கள். அப்போது ஆளுநராக இருந்த ஏபிசியின் சான்வோ-ஒலு 7,62,134 வாங்கினார். தொழிற்கட்சி 5,82,454இலிருந்து 3,12,329க்கு இறங்கியது. அந்தக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் ரோட்ஸ்-விவர் யொருபாக்காரர், தாய் இக்போ. பிரச்சாரத்தில் அதையே குற்றமாக்கினார்கள். இறக்கத்தில் எவ்வளவு பயத்தால், எவ்வளவு ஆளுநர் மேல் இருந்த விருப்பத்தால் என்று பிரிக்க எண்களில் வழி இல்லை.

அந்த 5.82 லட்சத்தையும் இனவாரியாகப் பிரிக்க முடியாது. இசி8ஏ தாளில் இனம் என்று ஒரு கட்டம் கிடையாது. நைஜீரியாவின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2006இல் நடந்தது. அதிலும் இனம், மதம் இரண்டையும் கேட்கவில்லை. லாகோஸில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்பதற்கே அரசாங்க எண் கிடையாது. அப்படியிருக்க அவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று சதவீதத்தோடு ஒரு படம் வந்தால், அதை அனுப்பியவரிடம் எந்தப் படிவத்திலிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இதுவரை யாரும் தாளைக் காட்டவில்லை.