ஸ்கேன் எடுத்தாச்சே, கரண்ட் எப்போ?

பாலக்கோடு பக்கத்துப் பெரியவர். தொண்டையில் புற்றுநோய். சிடி ஸ்கேன் எடுத்து ஒரு வாரமாகியும் 'கரண்ட்', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைக்கவில்லை என்று மகனுக்குக் கோபம். "படம் எடுத்தாச்சே டாக்டர், இன்னும் என்ன?"

தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பலரும் கேட்பதுதான். அந்த நாட்கள் வரைவதிலும் கணக்குப் போடுவதிலும் போகின்றன. தலை அசையாமல் பிடிக்கிற வலை முகமூடி மாட்டி எடுத்த ஸ்கேனில் 3 மில்லிமீட்டருக்கு ஒரு படம் என நூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் கட்டி எது, தண்டுவடம் எது, காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பி எது என்று கோடு போட வேண்டும். கட்டிக்கு 35 தவணையில் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுக்கிறோம். தண்டுவடம் 45-ஐத் தாண்டாமல் பார்க்கிறோம். சுரப்பிக்குச் சராசரி 26-க்கு மேல் போனால் வாய் வறண்டுவிடும், அப்புறம் களி உருண்டை இறங்குவதே பெரும்பாடு.

இதைச் சுருக்கத்தான் அட்லஸ். ஏற்கெனவே நிபுணர்கள் வரைந்து வைத்த ஸ்கேன்களின் தொகுப்பு அது. புது நோயாளியின் படத்துக்கு ஏற்றபடி மென்பொருள் பழைய கோடுகளை இழுத்தும் வளைத்தும் பொருத்தும். மணிக்கணக்கு வேலை நிமிடங்களில் முடியும். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அட்லஸில் இருக்கிற உடம்புகள் எங்கள் ஊர்த் தண்ணீர் குடித்தவை அல்ல.

இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீரையே குடித்த சிலருக்கு எலும்பு தடித்து, தண்டுவடத்தை ஒட்டிய தசைநார்களிலும் சுண்ணாம்பு ஏறியிருக்கும். பெரியவருக்கும் அப்படித்தான். கழுத்தில் நாலைந்து படங்களில் மென்பொருள் போட்ட தண்டுவடக் கோடு எலும்புக்குள் ஏறி நின்றது. அழித்துக் கையால் வரைந்தேன். பார்க்காமல் விட்டிருந்தால், நிஜத் தண்டுவடத்தில் அளவு தாண்டினாலும் கம்ப்யூட்டர் பத்திரம் என்றே கணக்குச் சொல்லியிருக்கும்.

வரைந்த கோடு கடைசிவரை பொருந்தும் என்றும் இல்லை. சாப்பிட முடியாமல் எடை குறைந்தால் சுரப்பி சுருங்கி உள்பக்கம் நகரும், முகமூடி லூசாகும். அதனால் முகமூடி ஆடினால் அன்றைக்கே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். நாலாவது வாரத்தில் முகமூடி ஆடியும் பெரியவர் சொல்லவே இல்லை, சொன்னால் எங்களுக்குத் தொந்தரவாம். மகன்தான் வந்து சொன்னார். திரும்ப ஸ்கேன் எடுத்தோம்.

"மறுபடியும் வரையணுமா டாக்டர்?" என்றார். இந்த முறை குரலில் கோபமில்லை.