பழைய வழக்கைக் கிளறினால் மூளையில் என்ன நடக்கிறது?

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு குளத்தின் சிறுபோகக் கூட்டம். நிற்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பேசி முடிகிற வேளையில் ஒருவர் எழுந்தார். "இடம்பெயர்வுக்கு முந்திய போகத்தில் வாய்க்காலை அடைத்து எங்கள் தண்ணீரைத் திருடினீர்களே, அதற்கு என்ன முடிவு?" அவ்வளவுதான். இந்தப் போகத்தின் பங்கு பேச்சிலிருந்தே மறைந்துபோனது.

வன்னியில் பலரது காணி உறுதியும் கூட்டக் குறிப்பும் 2009 வரையிலான இடப்பெயர்வுகளில் தொலைந்துவிட்டன. பல வழக்குகளுக்கு நினைவு ஒன்றுதான் பதிவேடு. ஆனால் அந்தப் பதிவேட்டில், திறக்கும்போதெல்லாம் எழுத்து மாறக்கூடும்.

2000ஆம் ஆண்டில் கரீம் நாதர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்கவைத்து மின்னதிர்ச்சி கொடுத்தனர். பிறகு அந்த ஒலியை மட்டும் கேட்டாலே எலிகள் அஞ்சி உறைந்தன. மறுநாள் ஒலியை மீண்டும் கேட்கவைத்து, உடனேயே மூளையின் அமிக்டலாப் பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினர். அச்சம் பெருமளவு குறைந்தது. ஒலியை நினைவூட்டாமல் அதே மருந்தைக் கொடுத்தபோது எதுவும் மாறவில்லை. நினைவூட்டி ஆறு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோதும் மாறவில்லை. நினைவு வெளியே வந்த சிறிது நேரத்துக்கு இளகி நிற்கிறது. மறுபடி இறுகுவதற்குப் புதுப் புரதம் தேவைப்படுகிறது. கோடையில் கல்லாகக் கிடக்கும் வரம்பு, தண்ணீர் பட்டதும் மண்வெட்டிக்கு இணங்குவதைப் போலத்தான். காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதுவே நிலைக்கும். (எலியின் அச்சமும் வாய்க்கால் சண்டையும் ஒன்றல்ல. மனிதரிடம் செய்த சோதனைகளில் இது எல்லா முறையும் தெளிவாகத் தெரியவில்லை.)

மனிதரிடம் தெளிவாகத் தெரிந்தது வேறொன்று: கேட்பவரின் சொல் நினைவுக்குள் புகுந்துவிடும். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் கார் விபத்துப் படமொன்றைக் காட்டி, கார்கள் "மோதியபோது" வேகம் என்ன என்று சிலரிடமும், "நொறுங்க மோதியபோது" என்ன என்று வேறு சிலரிடமும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 50 பேரில் 7 பேரும், இரண்டாவதில் 50 பேரில் 16 பேரும் ஆம் என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

ஆகவே "திருடினீர்களே" என்று தொடங்கியவர் வழக்கை மட்டும் கிளறவில்லை. அங்கிருந்தவர்கள் நினைவில் ஒரு திருடனையும் நட்டுவிட்டார். பழையதை எடுக்கவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தீராத கணக்கு தீரத்தான் வேண்டும். எடுக்கிற விதத்தில்தான் காரியம் இருக்கிறது.

அன்றைய கூட்டத்தின் தலைவர் லாஃப்டஸைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். "அண்ணை, திருட்டை விடுங்கள். எந்தத் துருசு, எந்த மாதம், பயிர் அப்போது கதிரா குடலையா?" என்று கேட்டார். (துருசு என்றால் குளத்து மதகு; குடலை என்றால் கதிர் வெளிவருவதற்கு முந்திய பருவம்.) வாயால் சொல்ல விடவில்லை. இரு தரப்பையும் தனித்தனியே உட்காரவைத்து, நினைவில் உள்ளதைத் தாளில் எழுதச் சொன்னார். ஒருவர் பார்த்து மற்றவர் எழுதாமல் நடுவில் தானே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு தாளிலும் துருசு வேறு வேறாக இருந்தது.